பின்விளைவு

இந்த வாரம் ஒரு புத்தக விமர்சனம்.

இந்தப் புத்தகத்தை நீங்கள் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆசிரியர் பெயர் கிடையாது. விலை போடவில்லை. உள்ளங்கை அகலம், வழவழ தாள், எறும்பு சைஸ் எழுத்து. வெளிநாடு போகிறவர்களுக்கு டாலரோ யூரோவோ ஏற்றித் தருகிறார்களே ஃபாரெக்ஸ் கார்டு, அதோடு உறையில் வைத்துத் தரும் கையேடுதான் அது. என் அக்காவுக்கு வந்த பிரதியை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன். எழுதியவரே அப்படிப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

வங்கியின் பெயர் வேண்டாம். அந்த ஒரு வங்கியை மட்டும் அடிப்பதில் அர்த்தமில்லை. இந்தக் கையேடுகள் எல்லாம் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்.

முதலில் கதை.

அக்கா ரிட்டயர்டு தமிழ் டீச்சர். வயது 68. பெண் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கிறாள், பிரசவத்துக்காகக் கிளம்பினாள். டிக்கெட் மாப்பிள்ளை எடுத்தார். 'மத்த செலவெல்லாம் என் பென்ஷன் பணத்துல. குழந்தைக்குத் தள்ளுவண்டி நான்தான் வாங்கித் தருவேன்' என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ரூபாயைக் கட்டி யூரோவாக ஏற்றி கார்டு வாங்கிக் கொடுத்தது நான்.

எழுபதுகளில் வெளிநாடு போன பெரியவர்களைக் கேட்டால் 'கையில எட்டே டாலரோட போனேன் சார்' என்பார்கள். இன்றைக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. 2015 முதல் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பணம் கொண்டுபோவது சுலபமாகிவிட்டது. அதைத் திறக்கிற நாலு இலக்கம்தான் கஷ்டம்.

உறைக்குள் கார்டு, கையேடு, பின் நம்பர் இருக்கும் ஒட்டிய காகிதம். பின் என்பதிலேயே நம்பர் இருக்கிறது. 'பின் நம்பர்' என்றால் நம்பரை இரண்டு முறை சொல்கிறோம். பரவாயில்லை, 'நடு சென்டர்' என்கிறோமே, அந்த மாதிரி. கையேட்டின் முதல் கட்டளை: கார்டு கைக்கு வந்தவுடன் பின்னை மாற்றிவிடவும். நல்ல புத்திமதி. அக்காவும் மாற்றினாள். அங்கேதான் வினை ஆரம்பம்.

அதைச் சொல்வதற்கு முன்னால், ஏன் நாலு இலக்கம்?

1967 ஜூன் 27 அன்று லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கியின் சுவரில் முதல் பணமெஷின் வந்தது. அதை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்டு பேரன். 1925ல் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். அவருக்குத் தன் ராணுவ நம்பர் ஞாபகத்தில் இருந்ததால் ஆறு இலக்கம் வைக்கலாம் என்று நினைத்தாராம். சமையலறை மேஜையில் மனைவி கரோலினிடம் கேட்டபோது அந்த அம்மாள், 'என்னால் நாலுதான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்' என்று சொல்லிவிட்டார். நாலு உலகத்துக்கே வழக்கமாகிவிட்டது. (ரகசிய எண் யோசனைக்கு 1966லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஜேம்ஸ் குட்ஃபெலோ என்ற ஸ்காட்லாந்துக்காரர். யார் முதலில் என்ற சண்டை தனிக் கதை.) சர்வதேச தரவிதி இன்று 4 முதல் 12 இலக்கம் வரை அனுமதிக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் ஆறு சகஜம். அங்கே போய் நாலு அடித்துவிட்டு, மெஷின் இன்னும் காத்திருக்கிறதே என்று திகைக்காதீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும்.

கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த விஷயத்தை ஆரம்பித்து வைத்தவர் ஒரு இஞ்சினீயராக இருக்கலாம். முடிவு செய்தது, 'என்னால் இவ்வளவுதான் முடியும்' என்று தைரியமாகச் சொன்ன ஒரு மனுஷி. அதற்கப்புறம் யாரும் எந்த மனுஷியையும் சமையலறையில் உட்காரவைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது கையேட்டுக்கு வருவோம். இதன் முதல் குறை, பாத்திரங்களின் பெயர்க் குழப்பம். நாவலில் ராமசாமி, ராமநாதன், ராமலிங்கம் என்று மூன்று பேர் வந்தால் நமக்குக் குழம்புமல்லவா? இதில் 'ஐபின்' வருகிறது, அது வெப்சைட்டுக்குள் நுழைய. 'ஏ.டி.எம். பின்' வருகிறது, அது மெஷினுக்கும் கடைக்கும். 'டி-பின்' வருகிறது, அது போனில் பேச. மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். பல இடங்களில் வெறுமனே 'பின்' என்கிறார்கள். எது என்பதை முன்பின் பார்த்து நாமேதான் ஊகிக்க வேண்டும். முப்பது வருஷம் இலக்கணம் நடத்திய அக்கா கேட்டாள்: 'இது ஆகுபெயரா, இல்ல அலட்சியமா?'

இரண்டாவது குறை, விகிதாசாரம். பின்னை எப்படி மாற்றுவது என்பதற்கு ஐந்து வரி. மாற்றிய பிறகு ஏதாவது நடந்தால் வங்கி எப்படியெல்லாம் பொறுப்பல்ல என்பதற்கு ஐந்து பக்கம். 'அட்டைதாரரே முழுப் பொறுப்பு' என்ற வாசகம் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ண ஆரம்பித்து பாதியில் விட்டுவிட்டேன். பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்றாவது குறைதான் பெரிசு. சொல்லாமல் விட்டது.

அக்கா வெப்சைட்டில் உட்கார்ந்தாள். பிறந்த வருஷம் போடப் போனாள். வேண்டாம் என்றேன். காரணம் இருக்கிறது. 2012ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் பார்த்ததில், பலர் பிறந்த தேதியைத்தான் பின்னாக வைக்கிறார்கள், பர்ஸிலேயே பிறந்த தேதி போட்ட அடையாள அட்டையும் இருக்கிறது என்று தெரிந்தது. திருடனுக்கு வேலை மிச்சம். அதே 2012ல் வெளியான இன்னொரு கணக்கு, களவுபோய் வெளியான பாஸ்வேர்டு பட்டியல்களிலிருந்து 34 லட்சம் நாலிலக்க எண்களை எடுத்து அலசியது. அதில் 1234 மட்டுமே கிட்டத்தட்ட 11 சதவிகிதம். 1111 சுமார் 6. 0000 சுமார் 2. இவை நிஜ வங்கிப் பின்கள் அல்லதான். ஆனாலும் மனிதபுத்தி ஒன்றுதானே. மெஷின் மூன்று தடவை தப்புக்கு அனுமதிக்கிறது. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களில் மூன்று முயற்சி என்றால் திருடனுக்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று. நாம் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மாதிரியே எண் வைத்தால், மேற்படி மூன்றை மட்டும் அடித்துப் பார்க்கிற திருடனுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

அக்கா யோசித்து, ஸ்கூலுக்குப் போன காலத்தில் ஏறிய பஸ்களை நினைவுபடுத்திக்கொண்டாள். 29சி, அப்புறம் மாறி 21ஜி. ஆகவே 2921. நல்ல பின். யாரும் ஊகிக்க முடியாது, மறக்கவும் மாட்டாள். (இப்போது அது செத்துப்போன நம்பர், அதனால் எழுதலாம்.) 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது.

'சரியா வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடலாமாடா?' என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. தெருமுனை ஏ.டி.எம்.முக்குக் கிளம்பினோம். அப்போதுதான் கார்டின் முதுகைப் பார்த்தேன். இந்தியா, நேபாளம், பூடானில் செல்லாது என்று போட்டிருந்தது.

அந்நியச் செலாவணிக் கார்டு என்பதால் உள்ளூரில் பணம் எடுக்க முடியாது. அது சரிதான். ஆனால் அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். புதுப் பூட்டு வாங்குகிறீர்கள். சாவியைத் திருப்பிப் பார்க்க அனுமதி இல்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய், தூக்கக் கலக்கத்தில், பாஷை தெரியாத ஊரில், முதல் தடவையாகத் திறந்து பார்க்க வேண்டும். மூன்று தடவைக்குள்.

இதற்குமேல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்னை மாற்றுகிறோம் என்றால் உண்மையில் எதை மாற்றுகிறோம்? உங்கள் பின் வங்கியில் ஒரு நோட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் தப்பு. ஐ.பி.எம். காலத்திலிருந்து வரும் ஒரு முறையைச் சொல்கிறேன், எளிதாகப் புரியும். கார்டு எண்ணை ஒரு ரகசியச் சாவியால் கலைத்துப் போட்டால் நாலு இலக்கம் கிடைக்கும். 4172 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கார்டோடு பிறந்த பின். நீங்கள் 6035 வேண்டும் என்கிறீர்கள். வங்கி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறது: 2963. ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டிப் பாருங்கள். 4ம் 2ம் ஆறு. 1ம் 9ம் பத்து, பூஜ்யத்தை மட்டும் எடுங்கள். 7ம் 6ம் பதிமூன்று, மூன்றை எடுங்கள். 2ம் 3ம் ஐந்து. 6035 வந்துவிட்டது. திருடன் வங்கிக்குள் புகுந்து அந்த 2963ஐத் தூக்கிக்கொண்டு போனாலும் அதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அழகான ஐடியா. பின் மாற்றம் என்பது இவ்வளவுதான், நாலு இலக்க வித்தியாசத்தை அழித்து எழுதுவது. கம்ப்யூட்டருக்குக் கண்சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

சில கார்டுகளில் பின்னின் இன்னொரு பிரதி சிப்பிலேயே இருக்கும். நெட்டில் மாற்றினால் வங்கியின் கம்ப்யூட்டரில் மாறிவிடும். சிப்பில் மாற வேண்டுமானால், கார்டு ஒரு மெஷினுக்குள் போய் வங்கியோடு ஒரு தடவை பேசியாக வேண்டும். வங்கியோடு பேசாமல் சிப்பை மட்டும் கேட்டு முடிவு செய்யும் மெஷினில் பழைய பின்தான் எடுபடும். உங்கள் கார்டு எந்த ஜாதி? இதைக் கையேடு சொல்ல வேண்டாமோ? ஒரு வரி இல்லை.

சரி, ஃப்ராங்க்ஃபர்ட்.

போய் மூன்றாம் நாள், தள்ளுவண்டிக் கடை. அக்கா பார்த்துப் பார்த்து ஒரு நீல வண்டியைத் தேர்ந்தெடுத்தாள். கார்டை நீட்டினாள். பொத்தான் பெட்டி வந்தது. ஊரில் இருந்தபோது அந்த ஒட்டிய காகிதத்து நம்பரை ஒரு வாரம் ஸ்லோகம் மாதிரி சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தாள். கிளம்புவதற்கு முதல் நாள்தான் மாற்றினோம். விரல் தானாகப் பழைய நம்பருக்குப் போயிற்று. தப்பு. பதற்றத்தில் மறுபடி அதே நம்பர். தப்பு. அப்போதுதான் பஸ் ஞாபகம் வந்தது. ஆனால் முதலில் எந்த பஸ்? 2129 என்று அடித்தாள். மாறி ஏறிவிட்டாள். கார்டு பூட்டிக்கொண்டது.

பின்னால் நின்ற ஜெர்மன்காரர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. அதுதான் அதிக அவமானமாக இருந்தது என்றாள். 'விடுங்க அத்தை, நான் குடுக்கறேன்' என்று மாப்பிள்ளை தன் கார்டைத் தேய்த்தார். நல்ல மனுஷர், சாதாரணமாகத்தான் செய்தார். அக்கா வீடு திரும்பும்வரை பேசவில்லை.

அன்றிரவு எனக்குப் போன். அங்கே பத்து மணி, இங்கே ஒன்றரை. அவர்கள் ஏற்கெனவே வங்கியின் கால் சென்டரோடு முக்கால் மணி நேரம் போராடியிருந்தார்கள். அடையாளம் நிரூபிக்க, 'கடைசியாகக் கார்டில் செய்த பரிவர்த்தனை என்ன மேடம்?' என்று கேட்டிருக்கிறார் அந்தப் பையன். 'ஒண்ணுமே நடக்கலப்பா, அதுக்குத்தானே கூப்பிடறேன்' என்றிருக்கிறாள் அக்கா. அந்தப் பதில் அவர் பட்டியலில் இல்லை. கடைசியில் வழி சொன்னார். வெப்சைட்டில் போய் புது பின் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஓ.டி.பி. வரும். எங்கே? பதிவு செய்த இந்திய மொபைலுக்கு.

அந்த மொபைல் என் மேஜை டிராயரில் இருந்தது. ரோமிங் வேஸ்ட், அங்கே போனதும் ஜெர்மன் சிம் போட்டுக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்துக்கொண்ட மேதை நான்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு நடந்ததை நிதானமாகப் படியுங்கள். அக்காவின் பாஸ்வேர்டை மாப்பிள்ளை லாப்டாப்பில் அடித்தார். ஓ.டி.பி. சென்னையில் என் கையில் வந்தது. 'இதை யாரிடமும் பகிர வேண்டாம், வங்கி ஊழியரிடம்கூட' என்று அந்த மெசேஜே சொல்கிறது. நான் அதை வாட்ஸப்பில் உரக்கப் படித்தேன். மாப்பிள்ளை அடித்தார். 'அத்தை, புது நம்பர் என்ன போடட்டும்?' என்று கேட்டார். அக்கா சொன்னாள். மூன்று பேருக்கும் கேட்டது. 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது.' பச்சை எழுத்து.

இதுதான் இந்தக் கையேட்டின் மேல் என் பிரதானமான விமர்சனம். ரகசியத்தைக் காப்பாற்று என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லிவிட்டு, ரகசியத்தை உடைத்தால் மட்டுமே வெளியேற முடிகிற மாதிரி ஒரு வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். உடைத்தவுடன், 'பார்த்தாயா, உடைத்தது நீ' என்கிறார்கள். இது வெறும் வார்த்தை அல்ல. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி, மோசடியில் வாடிக்கையாளர் பொறுப்பு எவ்வளவு என்று விதி கொண்டுவந்தது. நல்ல விதி. வெளியாள் எவனோ செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை. ஆனால் ரகசிய விவரங்களை நாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரையிலான நஷ்டம் முழுவதும் நம் தலையில். அன்றிரவு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்தது அதைத்தான்.

வங்கியின் பக்கமும் நியாயம் உண்டு. பின் மாற்றுவதை ரொம்ப சுலபமாக்கினால், கார்டைத் திருடியவனும் சுலபமாக மாற்றுவான். ஓ.டி.பி. அவனைத் தடுக்கத்தான். ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. பயணத்துக்கென்றே பிறந்த கார்டு இது. உள்ளூரில் செல்லவே செல்லாது. அப்படிப்பட்ட கார்டின் பூட்டுத் திறப்பு மட்டும், அதன் சொந்தக்காரர் வீட்டிலேயே இருக்கிறார் என்ற அனுமானத்தில் ஏன் அமைந்திருக்கிறது? நீச்சல் உடையை டிரை கிளீனிங் மட்டும் செய்யவும் என்பது போல இருக்கிறது.

இதே வேலையை ஒரு காலத்தில் டிராவலர்ஸ் செக் செய்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891ல் கொண்டுவந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது எதிரிலேயே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால் பணம். மெதுவான முறைதான், கள்ளக் கையெழுத்துக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் கையெழுத்தை யாரும் டிராயரில் மறந்து வைத்துவிட்டுப் போக முடியாது. பழைய காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. பயணி தன்னோடு எடுத்துப்போகக் கூடியதையே சாவியாக வைத்தார்கள், அந்த மரியாதையைச் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? கஷ்டமான காரியம் எதுவுமில்லை. கார்டு தரும் கிளையிலேயே ஒரு பொத்தான் பெட்டி வைத்து, பணம் நகராமல் பின்னை மட்டும் அடித்துப் பார்க்க விடலாம். கார்டு வாங்கும்போதே வெளிநாட்டில் தொடர்புகொள்ள ஒரு நம்பரையோ இ-மெயிலையோ கட்டாயமாகக் கேட்டுப் பதிவு செய்யலாம். மூன்று பின்களுக்கும் மூன்று வேறு பெயர்கள் வைக்கலாம். கையேட்டில் தமிழில் ஒரே ஒரு பக்கம் போதும், அறுபத்தெட்டு வயது டீச்சர் கண்ணாடி போட்டுப் படிக்கிற சைஸில்.

அதுவரை, நீங்கள் செய்ய வேண்டியது. பின்னைக் கிளம்புவதற்கு முதல் நாள் மாற்றாதீர்கள். பத்து நாள் முன்னால் மாற்றி, பழைய காகிதத்தைக் கிழித்துப்போட்டு, விரலுக்குப் பழக்குங்கள். கால்குலேட்டரில் பழகாதீர்கள், அதில் 789 மேலே இருக்கும். போனில் பழகுங்கள், மெஷினிலும் அதே வரிசைதான். இந்திய சிம்மை ரோமிங்கோடு கையில் வைத்திருங்கள், மெசேஜ் வந்தால் போதும். போய் இறங்கியதும் நல்ல வெளிச்சத்தில், வரிசை இல்லாத ஒரு ஏ.டி.எம்.மில் சின்னத் தொகை எடுத்துப் பாருங்கள். இரண்டு தடவை தப்பானால் நிறுத்திவிடுங்கள். மூன்றாவதை வீட்டுக்குப் போய், தண்ணீர் குடித்து, யோசித்தபின் வைத்துக்கொள்ளலாம். பின்னைத் தலைகீழாக அடித்தால் போலீஸ் வரும் என்று உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கும். வராது. தப்புக் கணக்கில் ஒன்று ஏறும், அவ்வளவுதான்.

அன்றிரவுக்குப் பிறகு மூன்று மாதமும் கார்டு மாப்பிள்ளையிடமே இருந்தது. 'அவருக்குத்தான் நம்பர் தெரியுமே, அவரே வச்சுக்கட்டும்' என்றாளாம் அக்கா. பணம் அவளுடையதுதான். பால் வாங்க, பஸ் பாஸ் வாங்க, பேரனுக்குத் தொப்பி வாங்க, ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியிருந்தது. முப்பது வருஷம் சம்பாதித்து, யாரையும் கேட்காமல் செலவு செய்து பழகியவள். கையேடு பின்னைத் திருடனிடமிருந்து காப்பாற்றும் கவசமாகத்தான் பார்க்கிறது. அது ஒரு வயதான பெண்மணிக்குத் தன் பணம் தன்னுடையதாக இருப்பதற்கான ஒரே அத்தாட்சியாகவும் இருக்கலாம் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை.

அக்கா திரும்பி வந்து, டிராயரிலிருந்து மொபைலை வாங்கிக்கொண்டாள். கார்டில் இன்னும் கொஞ்சம் யூரோ மிச்சம் இருந்தது. 'கம்ப்யூட்டரை எழுப்பு' என்றாள். உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூன்று பின்களில் சரியான பின்னைத் தானே கண்டுபிடித்து, ஓ.டி.பி.யைத் தானே பார்த்து அடித்தாள். பச்சை எழுத்து வந்தது.

'என்னக்கா நம்பர் போட்ட?'

'உனக்கு எதுக்குடா?'

என் புத்தக விமர்சனத்தை அக்காவின் அந்த வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறேன். அந்தக் கையேட்டில் ரகசியம் என்பதற்கு இத்தனை தெளிவான விளக்கம் ஒரு பக்கத்திலும் இல்லை.